ஒரு நிறுவனத்தைக் கையில் எடுங்கள்: முதுகலையில் கருவூல மேலாண்மையும் மூலதனச் சந்தையும் படிக்கும் வழி

முதுகலையில் நிறுவனக் கருவூல மேலாண்மையும் மூலதனச் சந்தையும் படிக்க வருகிறவர்களிடம் முதல் வாரத்திலேயே நான் ஒன்றைக் கேட்டுக்கொள்வேன்: ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள், பட்டம் வாங்கும்வரை அதை விடாதீர்கள். பாடத்திட்டம் இந்தத் துறையைத் துண்டு துண்டாகத்தான் தரும். ஒரு பருவத்தில் நடைமுறை மூலதனம், இன்னொன்றில் கடன் பத்திரம், அடுத்ததில் டெரிவேட்டிவ் (வட்டி, நாணயம், சரக்கு போன்றவற்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்), எங்கோ ஓரத்தில் கணக்கியல் தரநிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாகத் தேர்வெழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். ஆனால் கருவூல அதிகாரியின் மேசைக்கு இவை அனைத்தும் ஒரே காலையில், ஒரே கேள்வியாக வந்து சேர்கின்றன: கொடுக்க வேண்டிய பணம், கொடுக்க வேண்டிய நாளில், கொடுக்க வேண்டிய நாணயத்தில் கையில் இருக்குமா? ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பழகியவர்களுக்குத்தான் பாடங்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. நான் நெடுங்காலம் கருவூலப் பிரிவில் வேலை பார்த்தவள், இப்போது வகுப்பும் எடுக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்த பிறகுதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எந்த நிறுவனம்? வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் வேண்டாம், அவற்றின் கணக்கு முறையே வேறு. கடனே இல்லாமல் ரொக்கம் குவித்து வைத்திருக்கும் நிறுவனமும் வேண்டாம், அங்கே கற்க ஒரு பாதி மட்டுமே கிடைக்கும். ஏதாவது ஒரு பொருளைச் செய்து விற்கிற, குறைந்தது இரண்டு நாணயங்களில் வரவு செலவு உள்ள, பொதுச் சந்தையில் கடன் பத்திரம் வெளியிட்டிருக்கிற நடுத்தர நிறுவனம் ஒன்றைப் பாருங்கள். அதன் தர மதிப்பீடு முதலீட்டுத் தரத்தின் கீழ் விளிம்பில், அதாவது பிபிபி மைனஸ் அருகில் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு படி இறங்கினாலும் சில பெரிய முதலீட்டாளர்களின் விதிகளே அந்தப் பத்திரத்தை வாங்க அனுமதிக்காது. அந்த அழுத்தம் நிறுவனத்தின் ஒவ்வொரு நிதி முடிவிலும் தெரியும்.

அதன் கடைசி மூன்று ஆண்டறிக்கைகளையும், சமீபத்திய பத்திர வெளியீட்டின் பிராஸ்பெக்டஸையும் (வெளியீட்டு விவர ஆவணம்), தர மதிப்பீட்டு நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பையும் தரவிறக்கிக்கொள்ளுங்கள். இவை மூன்றும் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். விலையுயர்ந்த சந்தைத் தரவு முனையம் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

ஆண்டறிக்கையைத் தலைவர் உரையிலிருந்து தொடங்காதீர்கள். நேராகக் கணக்குக் குறிப்புகளுக்குப் போங்கள். ஐஎஃப்ஆர்எஸ் என்ற பன்னாட்டுக் கணக்குத் தரநிலை முறையில் கணக்கு எழுதும் நிறுவனம் என்றால், ஐஎஃப்ஆர்எஸ் 7 கேட்கும் முதிர்வு அட்டவணை ஒன்று அங்கே இருக்கும்: எந்தக் கடன் எப்போது திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது வட்டியோடு சேர்த்துக் காலவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். என் மாணவர்கள் முதலில் செய்வது அதிலிருந்து ஒரு பக்கக் குறிப்பு. அடுத்த 12 மாதங்களில் கட்ட வேண்டியது எவ்வளவு? கையில் உள்ள ரொக்கம் எவ்வளவு? இன்னும் எடுக்காத கடன் வசதி எவ்வளவு?

இந்த மூன்றாவது எண்ணில் கவனமாக இருங்கள். வங்கி தருவதாக ஒப்பந்தத்தில் உறுதி கொடுத்து, அதற்காகக் கட்டணமும் வாங்கும் கடன் வசதி ஒன்று. வங்கி நினைத்தால் நாளையே விலக்கிக்கொள்ளக்கூடிய வசதி இன்னொன்று. நெருக்கடி வரும் நாளில் முதலாவதை மட்டும்தான் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். முதலாவதிலும்கூடக் கடன் நிபந்தனைகள் இருக்கும். நிகரக் கடன் லாபத்தின் இத்தனை மடங்கைத் தாண்டக் கூடாது என்று இருந்தால், பணம் மிகவும் தேவைப்படும் அதே காலாண்டில்தான் அந்த வரம்பும் உடையும். ரொக்கத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். குழுமத்தின் மொத்த ரொக்கம் பெரிதாகத் தெரியலாம். அதில் ஒரு பகுதி, மூலதனத்தை வெளியே எடுத்துச்செல்லக் கட்டுப்பாடு உள்ள ஒரு நாட்டின் துணை நிறுவனத்தில் சிக்கிக் கிடக்கலாம். நல்ல ஆண்டறிக்கை இதைக் குறிப்பில் சொல்லிவிடும். சொல்லாத அறிக்கையைப் பற்றி நீங்களே ஒரு கேள்வி எழுதி வையுங்கள்.

பணத்தின் நாட்காட்டி

அடுத்து 13 வாரப் பண வரவு செலவு முன்கணிப்பு. ஒரு காலாண்டை வாரவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வாரமும் வரும் பணம், போகும் பணம், மிஞ்சும் பணம் என்று எழுதுவது. பாடநூல்களில் இதற்கு இரண்டு பக்கம் கிடைத்தால் அதிகம். வேலையில் இதுவே உயிர்நாடி. வெளியாளான உங்களிடம் நிறுவனத்தின் வாரக் கணக்கு இருக்காதுதான். பரவாயில்லை, வெளியிட்ட காலாண்டு எண்களிலிருந்து ஊகித்துக் கட்டுங்கள். விற்பனைப் பணம் வந்துசேர எடுக்கும் நாட்கள், சப்ளையர்களுக்குக் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாட்கள், சம்பள நாள், வரி கட்டும் நாள், பத்திரங்களுக்கு வட்டி கொடுக்கும் நாள் என ஒவ்வொன்றையும் அதனதன் வாரத்தில் வையுங்கள். வரி நாளும் வட்டி நாளும் ஒரே வாரத்தில் விழும்போது என்ன ஆகிறது என்பது அந்தத் தாளைப் பார்த்தவுடன் புரியும்.

நாட்களின் விலையை உணர ஒரு சின்னக் கணக்கு. ஆண்டு விற்பனை 365 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு கோடி. வாடிக்கையாளர்களிடமிருந்து பணம் வர 50 நாள் ஆனது, இப்போது 57 நாள் ஆகிறது என்றால் 7 கோடி டாலர் வெளியே நிற்கிறது. லாப நட்டக் கணக்கில் இதன் சுவடே தெரியாது. விற்பனை அதேதான், லாபமும் அதேதான். ஆனால் அந்த 7 கோடியை யாரோ, எங்கிருந்தோ, வட்டிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். உங்கள் நிறுவனத்தின் மூன்று ஆண்டுகளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டு, நாட்கள் நீண்ட ஆண்டில் குறுகிய காலக் கடன் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் அது தற்செயலா, காரணம் உண்டா என்று தேடுங்கள்.

ரொக்க மேலாண்மைப் பாடத்தில் பாமோல் 1952இல் தந்த மாதிரியும், மில்லரும் ஓரும் 1966இல் தந்த மாதிரியும் கட்டாயம் வரும். தேர்வுக்குச் சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். என் கருத்தில் அந்தச் சூத்திரத்தைவிட அதன் உள்ளிருக்கும் எண்ணம்தான் முக்கியம். தினசரிப் பணவோட்டம் எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அவ்வளவு இருப்பு வேண்டும். பணத்தை முதலீட்டிலிருந்து எடுக்கும் செலவு கூடினால் இருப்பும் கூட வேண்டும். வட்டி விகிதம் உயர்ந்தால் சும்மா வைத்திருப்பது நட்டம். மூன்று வரியில் இதைச் சொல்லத் தெரிந்தவர் மாதிரியைப் புரிந்துகொண்டார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

உபரிப் பணத்தை எங்கே வைப்பது என்ற பாடத்தை 2008 செப்டம்பரிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 15ஆம் தேதி திவால் மனு போட்டது. அதன் குறுகிய காலப் பத்திரங்களை 78.5 கோடி டாலர் அளவுக்கு வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்டு என்ற பணச் சந்தை நிதியின் யூனிட் மதிப்பு மறுநாள் ஒரு டாலரிலிருந்து 97 சென்ட்டுக்கு இறங்கியது. மூன்று சென்ட்தானே என்று தோன்றும். ஆனால் அந்த நிதியில் பணம் போட்டிருந்தவர்கள் அதை ரொக்கம் என்று எண்ணியிருந்தார்கள், நினைத்த நாளில் எடுக்க முடியவில்லை. முதலில் பாதுகாப்பு, பிறகு எடுக்கும் வசதி, கடைசியில்தான் வருமானம் என்று கருவூலக் கொள்கைகள் வரிசை வைப்பது இதனால்தான். உங்கள் நிறுவனம் ஒரே வங்கியில் எவ்வளவு வைக்கலாம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறதா என்று குறிப்புகளில் தேடிப் பாருங்கள்.

கையால் போடும் கணக்கு

பத்திரக் கணக்கை முதலில் கையால் போடுங்கள். எக்செல் எங்கும் ஓடிவிடாது. மூன்று ஆண்டுப் பத்திரம், ஆண்டுக்கு 5 சதவீத வட்டி, சந்தை கேட்கும் யீல்டு, அதாவது ஆண்டு வருமான விகிதம், 6 சதவீதம், முகமதிப்பு 100. மூன்று பணவரவுகளையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் விலை 97.33. ஒவ்வொரு வரவின் இன்றைய மதிப்பையும் அது வரும் ஆண்டால் பெருக்கி, கூட்டி, விலையால் வகுத்தால் 2.86 ஆண்டுகள். மெக்காலே 1938இல் தந்த டியூரேஷன் இதுதான். அதை 1.06ஆல் வகுத்தால் 2.70. யீல்டு ஒரு சதவீதம் ஏறினால் விலை ஏறத்தாழ 2.7 சதவீதம் இறங்கி 94.70 ஆகும் என்று அது சொல்கிறது. இப்போது 7 சதவீதத்தில் விலையை முழுமையாகக் கணக்கிடுங்கள்: 94.75. இடையில் நிற்கும் அந்த ஐந்து பைசாதான் கான்வெக்ஸிட்டி, அதாவது விலைக்கோட்டின் வளைவு. இதை ஒருமுறை பென்சிலால் போட்டுப் பார்த்தவருக்கு அந்தச் சொல் பிறகு ஒருபோதும் மறக்காது.

முப்பது ஆண்டுப் பத்திரத்தில் அந்த ஐந்து பைசா எவ்வளவாகப் பெருகுகிறது என்பதை எக்செலில் பாருங்கள். அங்கே கருவி பயன்படுத்துவதில் அர்த்தம் இருக்கிறது.

நாள் எண்ணும் முறைகளையும் விட்டுவிடாதீர்கள். சலிப்பூட்டும் பகுதி என்று பலர் தாண்டிப் போகிறார்கள். ஒரு கோடி டாலரை 5 சதவீத வட்டிக்கு 91 நாள் கடன் வாங்கினால், ஆண்டுக்கு 360 நாள் என்ற முறையில் வட்டி 1,26,389 டாலர். 365 நாள் என்ற முறையில் 1,24,658 டாலர். வித்தியாசம் 1,731 டாலர். டாலர், யூரோ பணச் சந்தைகளில் 360, பவுண்டுக்கு 365 என்பது வழக்கம். இரண்டு வங்கிகளின் வட்டியை ஒப்பிடும்போது இதைச் சரிபார்க்காமல் மலிவானது எது என்று சொல்லவே முடியாது.

டியூரேஷன் வெறும் தேர்வு வினா அல்ல என்று உணர 2023 மார்ச்சைப் படியுங்கள். சிலிக்கான் வேலி வங்கி வாடிக்கையாளர்களின் வைப்புத் தொகையைப் பெருமளவு நீண்ட காலப் பத்திரங்களில் போட்டிருந்தது. 2022இல் வட்டி விகிதங்கள் ஏற ஏற அவற்றின் மதிப்பு இறங்கியது. சுமார் 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்று, வரிக்குப் பிந்தைய 180 கோடி டாலர் நட்டத்தை அறிவித்தது. மறுநாள் மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். 10ஆம் தேதி வங்கி மூடப்பட்டது. இதை நான் வகுப்பில் இரண்டு முறை நடத்துவேன். முதல்முறை வங்கியின் பக்கம் நின்று, வட்டி விகித அபாயம் எங்கே சேர்ந்தது என்று பார்ப்போம். இரண்டாம் முறை அங்கே பணம் வைத்திருந்த நிறுவனத்தின் பக்கம் நிற்போம். ரோகு என்ற நிறுவனம் தன் ரொக்கத்தில் ஏறத்தாழ 26 சதவீதம், அதாவது சுமார் 48.7 கோடி டாலர், அந்த ஒரே வங்கியில் இருப்பதாக அறிவித்தது. வைப்புத் தொகைகள் முழுமையாகக் காக்கப்படும் என்று அந்த வார இறுதியில் அரசு அறிவித்ததால் அது தப்பியது. ஒரு வங்கியின் பத்திரப் பட்டியலில் இருந்த டியூரேஷன் இன்னொரு நிறுவனத்தின் சம்பள நாளைத் தொட்டது எப்படி என்று எழுதிப் பாருங்கள். மூலதனச் சந்தைப் பாடமும் கருவூலப் பாடமும் ஏன் ஒரே பட்டத்தில் இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

ஹெட்ஜிங்: வரைபடத்தில் காணாத பணம்

ஹெட்ஜிங் என்றால் விலை மாறும் அபாயத்தை எதிர் ஒப்பந்தம் போட்டு ஈடுகட்டுவது. மாணவர்கள் பெரிதும் விரும்புவதும், பெரிதும் தடுமாறுவதும் இங்கேதான். முதல் தடுமாற்றம் ஃபார்வர்டு விலையை, அதாவது பின்னொரு நாளில் கைமாறும் நாணயத்துக்கு இன்றே பேசிக்கொள்ளும் விலையைப் பற்றியது. ஒரு யூரோவுக்கு இன்று 1.1000 டாலர். டாலர் வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம், யூரோ வட்டி 3 சதவீதம். ஆறு மாத ஃபார்வர்டு விலை என்ன? 1.10ஐ 1.025ஆல் பெருக்கி 1.015ஆல் வகுத்தால் 1.1108. யூரோ ஏறும் என்று சந்தை கருதுவதாக இதை வாசிக்காதீர்கள். இது இரண்டு வட்டி விகிதங்களின் வித்தியாசம், அவ்வளவுதான். ஃபார்வர்டில் விற்கும் ஏற்றுமதியாளருக்குக் கிடைப்பது முன்கூட்டியே தெரிந்த ஒரு விலை. ஆறு மாதம் கழித்துச் சந்தை விலை வேறாக இருந்தால் ஹெட்ஜ் தோற்றது என்று சொல்வது தவறு. என்ன தெரியாமல் இருந்ததோ அது தெரிந்துவிட்டதா என்பதே அளவுகோல்.

இரண்டாவது தடுமாற்றம் ஆழமானது, அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். பாடநூலில் ஹெட்ஜ் என்றால் இரண்டு கோடுகள்: ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், கூட்டினால் தட்டையான கோடு. அந்த வரைபடத்தில் காலம் என்ற அச்சே இல்லை. 1993இல் ஜெர்மனியின் மெட்டால்கெசெல்ஷாஃப்ட் நிறுவனத்தின் அமெரிக்கத் துணை நிறுவனம் எண்ணெய்ப் பொருட்களைப் பல ஆண்டுகளுக்கு நிலையான விலையில் தருவதாக வாடிக்கையாளர்களோடு ஒப்பந்தம் செய்திருந்தது. விலை ஏறிவிட்டால் என்ன செய்வது என்று, குறுகிய கால ஃபியூச்சர்ஸை (சந்தையில் கைமாறும் முன்பேர ஒப்பந்தங்களை) வாங்கி மாதாமாதம் புதுப்பித்துவந்தது. எண்ணெய் விலை இறங்கியது. வாடிக்கையாளர் ஒப்பந்தங்களின் மதிப்பு கூடியது உண்மைதான், ஆனால் அந்த லாபம் பல ஆண்டுகளில் மெல்ல வரவேண்டியது. ஃபியூச்சர்ஸ் நட்டத்துக்கோ அன்றன்றே ரொக்கமாக மார்ஜின் (ஈட்டுப் பணம்) கட்ட வேண்டியிருந்தது. நட்டம் சுமார் 130 கோடி டாலரில் முடிந்தது. அந்த ஹெட்ஜ் அடிப்படையில் சரியானதா என்று பொருளியல் அறிஞர்கள் பிறகு கடுமையாக விவாதித்தார்கள். இரு தரப்பையும் படியுங்கள், நல்ல முதுகலைப் பயிற்சி.

இதே விசை 2022 ஜனவரியிலும் வேலை செய்தது. எரிவாயுவை முன்கூட்டியே விற்று வைத்திருந்த யூனிப்பர் நிறுவனம், விலை தாறுமாறாக ஏறியபோது மார்ஜினுக்குப் பணம் தேட வேண்டியிருந்தது. அப்போது தாய் நிறுவனமாக இருந்த ஃபோர்டமிடம் 800 கோடி யூரோ வரையிலும், ஜெர்மன் அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூவிடம் 200 கோடி யூரோவும் கடன் வசதி பெற்றது. அதனால் உங்கள் நிறுவனத்தின் ஹெட்ஜ் குறிப்பைப் படிக்கும்போது எப்போதும் இதைக் கேளுங்கள்: விலை எதிராகப் போனால் நாளைக்கே ரொக்கம் கட்ட வேண்டுமா, அல்லது முதிர்வு நாளில் கணக்குத் தீர்த்தால் போதுமா? விடை ஒப்பந்தத்தில் இருக்கும். டெரிவேட்டிவ் சந்தையின் பன்னாட்டுச் சங்கமான இஸ்டாவின் 2002 முதன்மை ஒப்பந்தத்தில் ஐந்தாம் பிரிவையும் ஆறாம் பிரிவையும் சொல் சொல்லாகப் படியுங்கள். ஐந்தாவது, எந்த நிகழ்வுகளால் ஒப்பந்தம் முறியும் என்பது. ஆறாவது, முறிந்தால் கணக்கை எப்படித் தீர்ப்பது என்பது. பிணைப் பணம் பற்றிய இணைப்பு ஆவணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்கிறவர் தரும் விளக்கப் படத்தை மட்டும் நம்பி எந்த டெரிவேட்டிவையும் மதிப்பிடாதீர்கள். 1994இல் பிராக்டர் அண்டு கேம்பிள் வட்டி விகித ஸ்வாப்களில் (ஒரு வகை வட்டியை இன்னொரு வகைக்கு மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தங்களில்) 15.7 கோடி டாலர் நட்டம் அறிவித்தது. அதில் ஒன்றின் வட்டி, ஐந்தாண்டு யீல்டையும் முப்பதாண்டுப் பத்திர விலையையும் சேர்த்த ஒரு சூத்திரத்தில் கட்டப்பட்டிருந்தது. வட்டி சற்றே ஏறினாலும் செலுத்த வேண்டிய தொகை பல மடங்கு பாய்ந்தது. எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் வட்டி 1, 2, 3 சதவீதம் ஏறினால் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். போட முடியாவிட்டால் அந்த ஒப்பந்தம் உங்களுக்குப் புரியவில்லை.

ஹெட்ஜ் கணக்கியலை வேறு பாடம் என்று ஒதுக்காதீர்கள். 2018 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த ஐஎஃப்ஆர்எஸ் 9, ஹெட்ஜ் எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்ற பழைய 80 முதல் 125 சதவீத வரம்பை எடுத்துவிட்டு, ஹெட்ஜுக்கும் அபாயத்துக்கும் பொருளாதாரத் தொடர்பு இருக்கிறதா என்று கேட்கிறது. எந்த அபாயத்துக்கு எந்த ஒப்பந்தம் என்று தொடங்கும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். பின்னால் எழுத முடியாது.

ஒரு பயிற்சி. நிகரக் கடன் 200 கோடி, அதில் 40 சதவீதம் மாறும் வட்டி என்றால், வட்டி ஒரு சதவீதம் ஏறும்போது ஆண்டுச் செலவு 80 லட்சம் கூடும். உங்கள் நிறுவனத்துக்கு இதே கணக்கைப் போட்டு, அதன் அறிக்கையில் உள்ள உணர்திறன் எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தாது. ஏன் என்று துருவுங்கள். ஸ்வாப், மாறும் வட்டியில் வைத்திருக்கும் ரொக்கம், ஆண்டு நடுவில் எடுத்த கடன் என்று காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். அந்த ஒரு மாலைப்பொழுது ஒரு மாத விரிவுரைக்குச் சமம்.

சந்தையைப் படிப்பது

மூலதனச் சந்தைக் கோட்பாட்டுக்கு மூலக் கட்டுரைகளையே படியுங்கள்: மார்க்கோவிட்ஸ் 1952, மோடிக்லியானியும் மில்லரும் 1958, பிளாக்கும் ஷோல்ஸும் 1973. பாடநூல் முடிவை மட்டும் தருகிறது. கட்டுரையில்தான் எந்தெந்த அனுமானங்களில் முடிவு நிற்கிறது என்று தெரியும். மோடிக்லியானி, மில்லர் கட்டுரையை முடித்ததும் உங்கள் நிறுவனத்தின் கடன் விகிதத்தைப் பாருங்கள். வரி, திவால் செலவு, தகவல் ஏற்றத்தாழ்வு ஆகியவற்றில் எது அந்த விகிதத்தை விளக்குகிறது என்று வாதாடுங்கள்.

ஆனால் பத்திர வெளியீட்டை பிராஸ்பெக்டஸில்தான் கற்க முடியும். அது நூற்றுக்கணக்கான பக்கம். அபாயக் காரணிகளை வேகமாகப் பார்த்துவிட்டு, பத்திர நிபந்தனைகள் என்ற பகுதியில் நிதானமாக உட்காருங்கள். வேறு கடனுக்குச் சொத்தைப் பிணையாகக் கொடுக்கலாமா? நிறுவனம் கைமாறினால் முதலீட்டாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? ஒரு கடனில் தவறினால் எல்லாக் கடனும் உடனே திரும்பக் கேட்கப்படுமா? முன்கூட்டியே அடைத்தால் என்ன விலை? இந்த நான்கு கேள்விகளுக்கும் பிரிவு எண்ணோடு விடை எழுதுங்கள். பிறகு வெளியீட்டு நாளைப் பற்றிய செய்திகளைத் தேடி, முதலில் சொன்ன ஸ்பிரெட் (அடிப்படை விகிதத்துக்கு மேல் தரும் கூடுதல் வட்டி) எவ்வளவு, இறுதியில் நிர்ணயமானது எவ்வளவு என்று பாருங்கள். அந்த இடைவெளி, அன்று எவ்வளவு பேர் வாங்க முன்வந்தார்கள் என்பதைச் சொல்லும்.

நூலகத்தில் கிடைக்கும் பழைய பாடநூல்களில் எல்லாக் கணக்கும் லிபார் என்ற வட்டி விகிதத்தில் இருக்கும். வங்கிகள் குழுவாக அறிவித்துவந்த டாலர் லிபார் 2023 ஜூன் 30உடன் நின்றுவிட்டது. அதன் இடத்தில் இப்போது சோஃபர், அதாவது அமெரிக்க அரசுப் பத்திரங்களைப் பிணையாக வைத்து ஓரிரவுக்கு வாங்கும் கடனின் வட்டி. பெயரை மாற்றி எழுதினால் போதாது. லிபாரில் வட்டிக் காலத்தின் தொடக்கத்திலேயே தொகை தெரிந்துவிடும். ஓரிரவு விகிதத்தை நாள்தோறும் கூட்டிச் சேர்க்கும் முறையில், காலத்தின் முடிவில்தான் தெரியும். உங்கள் 13 வாரத் தாளில் அந்த வட்டிக் கட்டத்தை இனி ஊகமாகத்தான் நிரப்ப முடியும். பழைய நூலின் ஒவ்வொரு கணக்கையும் இப்படி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குறிப்பேட்டில் ஐந்து எண்கள் எழுதுங்கள்: மத்திய வங்கியின் கொள்கை விகிதம், இரண்டாண்டு அரசுப் பத்திர யீல்டு, பத்தாண்டு யீல்டு, உங்கள் நிறுவனம் சார்ந்த நாணய மாற்று விகிதம், கிடைத்தால் அதன் பத்திரத்தின் யீல்டு. அடியில் ஒரே வாக்கியம், இந்த வாரம் எது நகர்ந்தது, ஏன் என்று. தானாக நிரம்பும் தாளில் வேண்டாம், கையால் எழுதினால்தான் எண்கள் மனதில் தங்குகின்றன.

பணம் போய்ச்சேரும் பாதை

பலர் விட்டுவிடும் பகுதி இது. பணம் கைமாறும் தீர்வு முறை, உள் கட்டுப்பாடு ஆகியவற்றை எழுத்தர் வேலை என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் கண்டிப்பு அதிகம். 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி மூடப்பட்டபோது, எதிர்த்தரப்பினர் மார்க்குகளைச் செலுத்திவிட்டார்கள். நியூயார்க்கில் அப்போது காலைப் பொழுது, பதிலுக்கு வரவேண்டிய டாலர் இன்னும் வரவில்லை, பிறகும் வரவில்லை. இரண்டு நாணயங்களும் ஒரே சமயத்தில் கைமாறும்படி சிஎல்எஸ் அமைப்பு 2002இல்தான் செயல்படத் தொடங்கியது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் பெயரில் அனுப்பிய போலிக் கட்டளைகளால் 8.1 கோடி டாலர் பறிபோனது. 2020 ஜூனில் ஜெர்மனியின் கட்டணச் சேவை நிறுவனமான வயர்கார்டு, தன் கணக்கில் காட்டியிருந்த 190 கோடி யூரோ இருக்கவே இல்லாமல் போகலாம் என்று ஒப்புக்கொண்டது. கட்டளை உருவாக்குபவர், ஒப்புதல் தருபவர், வங்கி இருப்பைச் சரிபார்ப்பவர் மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்ற விதி ஏன் இருக்கிறது என்று இவற்றைப் படித்தால் விளங்கும்.

ஆய்வேடும் வேலையும்

ஆய்வேட்டுக்குச் சிறிய கேள்வியை எடுங்கள். ‘மூலதனச் சந்தைகளில் அபாய மேலாண்மை’ ஒரு தலைப்பே அல்ல. இப்படி ஒன்றை யோசியுங்கள்: சப்ளையருக்கு வங்கி முன்கூட்டியே பணம் கொடுத்து, நிறுவனம் பிறகு வங்கிக்குக் கட்டும் ஏற்பாட்டை, 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளில் ஐஏஎஸ் 7 என்ற கணக்குத் தரநிலை தனியே வெளியிடச் சொல்கிறது. ஒரே தொழிலைச் சேர்ந்த சில நிறுவனங்களை எடுத்து, அந்தத் தொகையைக் கடனாகச் சேர்த்தால் கடன் விகிதம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். 2018 ஜனவரியில் சரிந்த பிரிட்டிஷ் நிறுவனமான காரில்லியன் இத்தகைய ஏற்பாட்டைப் பெருமளவு பயன்படுத்தியிருந்தது என்பதால் கேள்விக்குக் கனமும் உண்டு. தரவு குறிப்புகளிலிருந்து கையால் சேகரிக்க வேண்டியது, அதனாலேயே அது உங்களுடையது.

எக்செல் நன்றாகத் தெரிய வேண்டும், பைத்தான் ஓரளவு தெரிந்தால் போதும். தொழில்முறைச் சான்றிதழ்களில் பிரிட்டனின் கருவூல அதிகாரிகள் சங்கம் தருவதும், அமெரிக்காவின் சிடிபியும் கருவூலத்துக்கு நேரடியானவை. சிஎஃப்ஏ முதலீட்டுப் பக்கம் சாய்ந்தது. பட்டத்தோடு சேர்த்து ஒன்றுக்கு மேல் முயல வேண்டாம்.

பயிற்சி வேலை கிடைத்தால், தினமும் காலையில் ரொக்க நிலையைத் தொகுப்பவர் அருகில் உட்கார அனுமதி கேளுங்கள். முந்தைய நாள் வங்கி இருப்பு, இன்று வரவேண்டியது, இன்று போகவேண்டியது, ஒவ்வொரு வங்கியும் கட்டளை ஏற்கும் கடைசி நேரம், மிச்சத்தை எங்கே வைப்பது என்று அவர் வரிசையாகச் செய்வதைக் கவனியுங்கள். நேற்றைய முன்கணிப்பு எவ்வளவு பிசகியது, எதனால் என்று அவரிடம் கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஒரு வாடிக்கையாளரின் பெயராகவோ ஒரு விடுமுறை நாளாகவோ இருக்கும்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது உங்கள் நிறுவனத்தின் அந்த ஒரு பக்கக் குறிப்பைப் புதுப்பித்துக்கொண்டு போங்கள். எந்த நிறுவனத்தில் வேலை கேட்கிறீர்களோ அதற்கும் அதே மாதிரி ஒரு பக்கம் தயாரியுங்கள்: அடுத்த 12 மாத முதிர்வுகள், ரொக்கம், உறுதியளிக்கப்பட்ட எடுக்காத கடன், மாறும் வட்டியின் பங்கு, பெரிய நாணய அபாயம். கீழே, அறிக்கையைப் படித்தும் விடை கிடைக்காத இரண்டு கேள்விகளை எழுதுங்கள். அந்த இரண்டையும் அவர்களிடமே கேளுங்கள்.